தூண்டில் ஈயும் ஒரு துளிப் பசையும்

தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோத்து மீன் பிடிக்கும் முறையை நாம் அனைவரும் அறிவோம். புழுவுக்குப் பதிலாக, இறகும் உரோமமும் நூலும் கொண்டு பூச்சியின் வடிவில் கட்டப்பட்ட பொய்யிரையை நீரில் வீசிப் பிடிக்கும் முறை ஒன்றும் உண்டு. அப்பொய்யிரையே தூண்டில் ஈ எனப்படுகிறது. இது நேற்றுத் தோன்றிய கலையன்று. மாசிடோனியாவில் முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டி, அதன்மேல் சேவலின் இறகுகள் இரண்டைப் பொருத்தி மீன் பிடித்தனர் என்ற செய்தியை, ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் பதிவு செய்துள்ளார்.

நம் நாட்டில் இக்கலை டிரவுட் மீனுடன் சேர்ந்து வேரூன்றியது. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட முட்டைகளைக் கொண்டு, 1900ஆம் ஆண்டையொட்டிக் காஷ்மீரில் டிரவுட் வளர்க்கப்பட்டது. பின்னர் குலு பள்ளத்தாக்கு, நீலகிரி, மூணாறு ஆகிய குளிர்ந்த மலைப்பகுதிகளின் ஓடைகளிலும் அது பரவியது. இன்று இமாசலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றங்கரையிலும், காஷ்மீரின் லித்தர் ஆற்றங்கரையிலும் உரிமச் சீட்டுப் பெற்று மீன் பிடிக்கும் பயணிகளைக் காணலாம். அவர்களை நம்பி விடுதி நடத்துவோர், வழிகாட்டுவோர், தூண்டில் ஈ கட்டி விற்போர் எனச் சிறு வருவாய்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன.

ஓர் ஈயைக் கட்டத் தேவைப்படும் பொருள்களுள் மிகக் குறைந்த செலவுடையது பசை. ஆயினும் மற்றப் பொருள்களின் மதிப்பையெல்லாம் காப்பது அதுவே. எந்தப் பசை எதற்கு ஏற்றது, அதனை எவ்வாறு இடுவது, எங்கே தவிர்ப்பது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. சிறு பொருள்களை ஒட்டும் வேறு கைவினைகளில் ஈடுபடுவோருக்கும் இதில் கூறப்படுபவற்றுள் பெரும்பகுதி பொருந்தும்.

பிடிப்பது நூல், காப்பது பசை

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தூண்டில் ஈயில் இறகையும் உரோமத்தையும் முள்ளோடு பிணைத்து வைத்திருப்பது நூலின் இழுவிசையே. இறுக்கமாகச் சுற்றப்பட்ட நூலும், அதன் நுனியைத் தன்மீதே பலமுறை சுற்றி உள்ளிழுத்து இறுக்கும் இறுதி முடிச்சும்தான் ஈயின் உயிர்நாடி. பசை முடிச்சுக்குத் துணையேயன்றி மாற்று அன்று. தளர்வாகக் கட்டியதைப் பசையால் சரிக்கட்ட முயல்வது, ஆட்டங்காணும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் போன்றது.

அப்படியாயின் பசை எதற்கு? ஓர் ஈ படும் பாட்டை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒரு நாளில் பன்னூறு முறை அது காற்றில் வீசப்படுகிறது. பாறைகளில் உராய்கிறது. மீனின் சிறு பற்கள் நூலை அறுக்கின்றன. நனைந்து காய்வதால் இழைகள் தளர்கின்றன. நூலின் ஒரு சுற்று அறுந்தால்கூட முழு ஈயும் பிரிந்துபோகக்கூடும். பசை நூலிழைகளுக்கிடையே ஊறி அவற்றை ஒன்றாக்குகிறது. மேற்பரப்பில் படலமாகப் படிந்து உராய்விலிருந்து காக்கிறது. ஊறுதல், போர்த்துதல் என்னும் இவ்விரு பணிகளையும் பிரித்து அறிந்தவர், பசையைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வழியைக் கடந்தவராவார்.

கவனிக்க வேண்டிய ஐந்து பண்புகள்

1. பாகுநிலை: நீர்போன்ற பசை நூலுக்குள் ஊறும், தேன்போன்ற பசை மேலே தங்கிப் போர்த்தும். ஊற வேண்டிய இடத்தில் கெட்டிப் பசையை இட்டால் மேல்தோல் மட்டுமே காயும். போர்த்த வேண்டிய இடத்தில் நீர்த்த பசையை இட்டால், அது இறகுகளுக்குள் பாய்ந்து அவற்றைக் குச்சிகளாக்கிவிடும்.

2. இறுகும் நேரம்: நொடிகளில் இறுகும் பசை வேலையை விரைவாக்கும், ஆனால் பொருளைத் திருத்தி அமைக்க இடம் தராது.

3. நெகிழ்வு: வளையும் பகுதிக்கு நெகிழும் பசை வேண்டும். கண்ணாடிபோல் இறுகும் பசை அங்கே விரிசல் கண்டு உதிரும்.

4. நீரைத் தாங்கும் திறன்: தச்சு வேலைக்குப் பயன்படும் சாதாரண வெண்பசை மரத்தில் வலுவாக நின்றாலும், நீரில் நெடுநேரம் ஊறினால் மென்மையாகிவிடும். தூண்டில் ஈக்கு அது ஏற்றதன்று.

5. எடை: நீரின் மேல் மிதக்க வேண்டிய ஈக்கு ஒரு துளி கூடினாலும் சுமைதான். மூழ்க வேண்டிய ஈக்கு அதே துளி நன்மையாகும்.

மெழுகும் அரக்கும்

பசைகளுள் மூத்தது தேன்மெழுகு. நூலில் மெழுகைத் தேய்த்துச் சுற்றினால் நூல் வழுக்காது, உரோமம் எளிதில் ஒட்டும், நீரும் உட்புகாது. மெழுகுடன் குங்கிலியம் போன்ற பிசினை உருக்கிச் சேர்த்தால் பிடிப்பு இன்னும் கூடும். செருப்புத் தைப்போர் நூலுக்குப் பூசும் மெழுகும் இத்தகையதே.

அடுத்தது அரக்கு. பாண்டவர்களுக்காக எழுப்பப்பட்ட அரக்கு மாளிகையின் கதையை நாம் அறிவோம். குசும், பலாசு, இலந்தை ஆகிய மரங்களில் வாழும் மிகச்சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்கு. உலகில் அரக்கு உற்பத்தியில் முன்னணியில் நிற்பது இந்தியா. நாட்டின் உற்பத்தியில் பெரும்பங்கு ஜார்க்கண்டு மாநிலத்திலிருந்து வருகிறது. அரக்கு ஆராய்ச்சிக்கென்றே 1924ஆம் ஆண்டில் ராஞ்சியில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. தூய்மையாக்கிய அரக்குச் செதில்களைச் சாராயத்தில் கரைத்தால் வார்னிஷ் கிடைக்கும். ஈயின் தலைப்பகுதியில் பூசப்பட்ட பழைய பூச்சுகளுள் இதுவும் ஒன்று. பூச்சியைப் போன்ற பொய்யுருவைக் காக்கப் பூச்சியின் சுரப்பையே பயன்படுத்தியது ஒரு விந்தையான பொருத்தம்.

அரக்கு வார்னிஷில் இரு குறைகள் உண்டு. ஈரக்காற்றில் அது வெளிறிப் பால்நிறம் கொள்ளும். கரைத்து வைத்த வார்னிஷ் பழையதாகிவிட்டால், பூசிய பிறகு சரியாக இறுகாமல் பிசுபிசுக்கும். ஆகவே தேவைக்கேற்பச் சிறிதளவே கரைத்து, குப்பியின் மேல் தேதியை எழுதி வைப்பது நல்லது.

தலைப்பூச்சும் நகப்பூச்சும்

இன்று மிகுதியாகப் பயன்படுவது நைட்ரோசெல்லுலோஸைக் கரைப்பானில் கரைத்துச் செய்த தலைப்பூச்சு. கரைப்பான் ஆவியாகியதும் மெல்லிய, பளபளப்பான படலம் நிற்கும். நகப்பூச்சுகளின் அடிப்படைப் பொருளும் பெரும்பாலும் இதுவே. எனவே தலைப்பூச்சு கிடைக்காத ஊர்களில், நிறமற்ற நகப்பூச்சு தக்க மாற்றாக அமைகிறது.

இதனை இரு முறையாக இடுவது சிறந்தது. முதல் முறை, உரிய கரைப்பானால் நீர்போல் இளக்கிய பூச்சை ஒரு துளி வைத்து ஊறவிட வேண்டும். அது காய்ந்தபின், சற்றுக் கெட்டியான பூச்சை இரண்டாம் முறையாகப் போர்த்த வேண்டும். ஒரே தடவையில் கெட்டியாகப் பூசினால் மேற்புறம் மட்டும் தோலாகிக் கரைப்பான் உள்ளே சிறைப்பட்டுவிடும். தொட்டால் ஒட்டாத நிலை சில நிமிடங்களில் வந்துவிட்டாலும், ஓர் இரவு முழுவதும் காயவிட்ட பிறகே பெட்டியில் வைக்க வேண்டும்.

கரைப்பானுள்ள பூச்சு பட்டவுடன் நூலின் நிறம் அடர்ந்து மாறலாம். பட்டுநூலில் இது தெளிவாகத் தெரியும். சில நுரைப்பொருள்களும் சாயம் பூசிய நெகிழிக் கண்களும் அதில் கரைந்துவிடக்கூடும். வீணான துண்டு ஒன்றில் முன்னரே சோதித்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

நொடியில் ஒட்டும் பசை

ஃபெவிகுவிக் போன்ற பெயர்களில் பெட்டிக்கடைகளிலும் கிடைக்கும் பசை, சயனோஅக்ரிலேட் வகையைச் சேர்ந்தது. 1942ஆம் ஆண்டில் துப்பாக்கியின் குறிநோக்கிக்குத் தெளிவான நெகிழியைத் தேடிய ஹாரி கூவர் என்ற அமெரிக்க வேதியியலறிஞரின் குழு இதனை எதிர்கொண்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டதால் அப்போது இது ஒதுக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டில் இதன் பயன் மீண்டும் உணரப்பட்டு, 1958ஆம் ஆண்டில் பசையாகவே விற்பனைக்கு வந்தது.

இது காய்ந்து இறுகுவதில்லை. பொருளின் மேற்பரப்பிலும் காற்றிலும் உள்ள ஈரத்தால் தூண்டப்பட்டு, மூலக்கூறுகள் சங்கிலியாக இணைந்து இறுகுகிறது. மிக மெல்லிய படலமே வலுவானது. அதிகம் இட்டால் இறுகத் தாமதமாவதோடு பிடிப்பும் குறையும். முள்ளின் தண்டில் நூல் அடித்தளம் அமைக்கும்போதும், எடைக்காகச் சுற்றிய ஈயக்கம்பி சுழலாமல் நிறுத்தும்போதும், நுரைத் துண்டுகளை ஒட்டும்போதும் இதற்கு இணையில்லை. இறுதி முடிச்சைப் போடுமுன், நூலின் கடைசி ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் மட்டும் சிறிது தடவி, உடனே சுற்றி முடிப்பது கைதேர்ந்தவர்கள் கையாளும் முறை. பசை வெளியில் வழியாமல், வேண்டிய இடத்திலேயே அடங்கிவிடும்.

இதன் குறைகளையும் அறிந்திருக்க வேண்டும். இறுகிய பசை நொறுங்கும் தன்மையது. வளையும் பகுதிக்கு உதவாது. இதன் ஆவி அருகிலுள்ள பொருள்களில் வெண்படலமாகப் படிந்து, தெளிவான சிறகையும் கண்ணையும் மங்கச் செய்யும். இறகின் அடியில் வழிந்தால், மென்மையாக அசைய வேண்டிய இழைகள் விறைத்துவிடும்.

எபாக்சியும் புற ஊதாப் பிசினும்

சிறுமீன் வடிவில் கட்டப்படும் பெரிய ஈக்களுக்குத் தலையும் கண்ணும் தடித்த, தெளிவான மேலுறையும் வேண்டும். பிசின், இறுக்கி என இரு குழாய்களில் வரும் எபாக்சி நெடுங்காலமாக இதற்குப் பயன்பட்டு வருகிறது. இரண்டையும் குறிப்பிட்ட விகிதத்திலேயே கலக்க வேண்டும். இறுக்கியைக் கூட்டினால் விரைவில் இறுகும் என்று எண்ணுவது தவறு. மிகுதியான இறுக்கி வினையில் சேராமல் எஞ்சி, பூச்சை மென்மையாக்கும். குளிர்ப் பகுதிகளில் இறுகும் நேரம் நீளும். கெட்டிப்படும் வரை ஈயைச் சுழற்றிக்கொண்டே இருக்காவிட்டால் பிசின் ஒரு பக்கம் தொங்கிவிடும். நாளடைவில் வெயில் பட்டு மஞ்சளாவதும் உண்டு.

அண்மை ஆண்டுகளில் எபாக்சியின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது, புற ஊதா ஒளியில் இறுகும் பிசின். பிசினிலுள்ள ஒளித்தூண்டி, சிறு கைவிளக்கின் ஒளி பட்டதும் வினையைத் தொடங்கிவைக்க, நொடிகளில் பிசின் இறுகிவிடுகிறது. விளக்கை ஏற்றும் வரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வடிவத்தைத் திருத்தலாம் என்பதே இதன் பெருஞ்சிறப்பு. ஆனால் ஒளி புகும் ஆழம்வரைதான் இது இறுகும். அடர்த்தியான உரோமத்துக்கும் நூலுக்கும் அடியில் இட்ட பிசின் என்றும் ஈரமாகவே இருக்கும். தடித்த உறை வேண்டுமெனில் மெல்லிய அடுக்குகளாக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே ஒளிகாட்ட வேண்டும். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பின் வினையைத் தடுப்பதால் சிறிது பிசுபிசுப்பு எஞ்சலாம். சாராயம் தோய்த்த துணியால் துடைத்தால் அது நீங்கும். வெயிலிலும் புற ஊதாக் கதிர் உள்ளமையால், சன்னலோரத்தில் மூடியைத் திறந்து வைத்தால் குப்பியே இறுகிப்போகும்.

எந்த ஈக்கு எந்தப் பசை

மிதக்கும் ஈ: மெழுகிட்ட நூல், தலையில் நீர்த்த தலைப்பூச்சு ஒரே துளி. கழுத்திறகின் பக்கம் பசை போகக் கூடாது.

மூழ்கும் ஈ, இளம்புழு வடிவம்: ஈயக்கம்பிக்கு நொடிப்பசை, முதுகோட்டுக்குப் புற ஊதாப் பிசின்.

மயில்தோகை இழை சுற்றிய ஈ: இவ்விழை அழகானது, ஆனால் மீனின் பல் பட்டால் எளிதில் அறும். முள்ளின் தண்டில் தலைப்பூச்சைத் தடவி, அது ஈரமாக உள்ளபோதே இழையை நூலோடு முறுக்கிச் சுற்றினால் பலமடங்கு உழைக்கும்.

சிறுமீன் வடிவம்: கண்களை நொடிப்பசையால் பொருத்தி, மேலுறைக்குப் புற ஊதாப் பிசின் அல்லது எபாக்சி.

நுரையால் செய்த வெட்டுக்கிளி, வண்டு: நொடிப்பசை, அளவாக.

இறகு பற்றிச் சட்டம் சார்ந்த குறிப்பு ஒன்று. சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகிலுள்ள மெழுகுபோன்ற புள்ளிகளுக்கு மேலைநாட்டு ஈ கட்டுவோரிடையே நெடுங்காலமாகப் பெருமதிப்பு உண்டு. அவ்விறகு நடுவே பிளந்துவிடும் இயல்புடையதாதலால், பின்புறம் சிறிது பூச்சிட்டு ஒட்டவைப்பது அவர்கள் வழக்கம். நம் மலைக்காடுகளில் வாழும் அப்பறவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்டது. அதனை வேட்டையாடுவதும் அதன் இறகை விற்பதும் குற்றம். மயிலைப் பொறுத்தவரை, இயற்கையாக உதிர்ந்த தோகையை மட்டுமே பயன்படுத்த வேண்டும். தோகையை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யத் தடை உள்ளது. பண்ணைக்கோழியின் இறகைக் கொண்டே பெரும்பாலான ஈக்களைக் கட்டிவிடலாம்.

இடும் முறை

பசையைக் குப்பியிலிருந்து நேரே ஈயின்மேல் ஊற்றக் கூடாது. குத்தூசியின் நுனியில் ஒரு துளியை எடுத்து, நூற்சுற்றின் மேல் வைத்தால் அதுவே ஊறிப் பரவும். முள்ளில் எண்ணெய்ப் பசை இருந்தால் கட்டுமுன் துடைத்துவிட வேண்டும்.

மிகவும் கவனிக்க வேண்டிய இடம் முள்ளின் காது. ஊசிக்குக் காது எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது இதுவும்; தூண்டில் நரம்பு இதன் வழியேதான் நுழைந்தாக வேண்டும். பசை இதில் உறைந்துவிட்டால், பனிக்குளிரில் விரல்கள் மரத்து நிற்கும் ஒருவர் ஆற்றங்கரையில் அதைக் குத்தித் திறக்கப் படாதபாடு படுவார். அரைகுறையாகத் திறந்த காதில் எஞ்சும் பசையின் கூர்விளிம்பு நரம்பைத் தேய்த்து, மீன் சிக்கும் நேரத்தில் அறுத்துவிடவும் கூடும். எனவே பூச்சிட்ட கையோடு, அது ஈரமாக இருக்கும்போதே, ஓர் இறகின் தண்டைக் காதின் வழியே இழுத்துச் சுத்தம் செய்வதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு

வீட்டில் குழந்தைகள் இருப்பின் இப்பகுதியை இருமுறை படித்தல் நலம்.

நொடிப்பசை பருத்தியிலும் கம்பளியிலும் பட்டால் வினை வேகமடைந்து, கொப்பளிக்கச் செய்யும் அளவுக்கு வெப்பம் உண்டாகும். எனவே துணிக் கையுறை அணிந்தோ, பஞ்சால் துடைத்தோ இதைக் கையாளக் கூடாது. விரல்கள் ஒட்டிக்கொண்டால் வலிந்து பிரிக்காமல், வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்லப் பிரிக்க வேண்டும். கண்ணில் பட்டால் இமையை இழுத்துத் திறக்க முயலாமல், நீரால் நன்கு கழுவிக்கொண்டே உடனடியாக மருத்துவரிடம் செல்ல வேண்டும். அசிட்டோன் கண்ணருகே வரவே கூடாது.

தலைப்பூச்சு, அசிட்டோன், சாராயம் ஆகியவற்றின் ஆவி எளிதில் தீப்பற்றும். சமையலறையிலும் விளக்கேற்றிய இடத்திலும் இவற்றைத் திறக்கலாகாது, காற்றோட்டம் வேண்டும். எபாக்சியும் இறுகாத புற ஊதாப் பிசினும் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்கு ஒவ்வாமை தோன்றி நிலைத்துவிடும். புற ஊதா விளக்கை நேரே நோக்கக் கூடாது. எஞ்சிய பசையை ஓடையிலோ கழிவுநீரிலோ கொட்டாமல், இறுகவிட்டுக் குப்பையில் சேர்க்க வேண்டும்.

செலவும் சேமிப்பும்

பசையின் விலையைக் கிராம் கணக்கில் பார்ப்பது போதாது. பயன்பட்ட துளிகளுக்கே அது விலை. உறைந்துபோன மீதி நட்டம். பெரிய குப்பி மலிவாகத் தோன்றினாலும், பாதியிலேயே இறுகிவிட்டால் உண்மை விலை இரட்டிப்பாகிறது. எனவே நொடிப்பசையைச் சிறு குழாய்களாக வாங்குவதே சிக்கனம். திறக்காத குழாய்களைக் காற்றுப்புகாத டப்பாவில் இட்டுக் குளிர்பெட்டியில், உணவுப் பொருள்களிலிருந்து விலக்கி வைக்கலாம். வெளியே எடுத்தவுடன் திறந்தால் குளிர்ந்த குழாயில் ஈரம் படிந்து பசை கெடும். அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். மழைக்காலத்துக்கும் கடற்கரை ஊர்களுக்கும் இது மிகவும் பொருந்தும்.

விற்பனைக்குக் கட்டுவோருக்காக ஓர் எளிய கணக்கு. ஓர் ஈக்கு இறகு, முள், நூல் ஆகியவற்றின் செலவு 15 ரூபாய் என்றும், கட்டும் நேரம் 20 நிமிடம் என்றும், பசையின் செலவு 50 காசு என்றும் கொள்வோம். 100 ஈக்களில் பசையைத் தவிர்த்தால் மிச்சமாவது 50 ரூபாய். அவற்றுள் பத்து மட்டும் பிரிந்து திரும்பி வந்தால், மாற்றித் தருவதற்கான பொருட்செலவு 150 ரூபாய். உழைப்பு 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம். இக்கணக்கில் சேராத இழப்பு மற்றொன்று உண்டு. மீன்பிடி பருவம் குறுகியது. இமாசலத்தில் டிரவுட் பிடிக்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை தடை. விடுமுறையில் வந்து, உரிமக் கட்டணம் செலுத்தி, கையில் ஈ பிரிந்து நின்ற பயணி அடுத்த ஆண்டு அந்தக் கடைக்கு வரமாட்டார்.

இத்தகைய குறுந்தொழில் தொடங்க விழைவோர், 2015ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள பிரதம மந்திரி முத்ரா திட்டத்தை அணுகலாம். அதன் சிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானமின்றிக் கடன் வழங்கப்படுகிறது. விண்ணப்பத்தோடு தரும் செலவுப் பட்டியலில், முள், இறகு, பிடிப்பான் ஆகியவற்றோடு பசை, கரைப்பான், பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவற்றையும் தனித்தனி இனங்களாகக் காட்டுதல் நலம். சில்லறைச் செலவுகளையும் எண்ணிப் பார்த்த திட்டமே நடைமுறைக்கு நெருங்கிய திட்டம்.

புதிதாகத் தொடங்குவோர் எல்லாப் பசைகளையும் வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. ஒரு கட்டி தேன்மெழுகு, ஒரு குப்பி நீர்த்த தலைப்பூச்சு, ஒரு சிறு குழாய் நொடிப்பசை ஆகிய மூன்றும் முதல் ஆண்டுக்குப் போதும். புற ஊதாப் பிசினையும் விளக்கையும் கை பழகிய பின் வாங்கலாம். முதல் பத்து ஈக்களைப் பசையின்றியே கட்டி, நீரில் ஓர் இரவு ஊறவிட்டு, விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். அவை பிரியாமல் நின்றால் நூற்கட்டு செம்மையாக உள்ளது என்று பொருள். பசையை எடுக்கும் தகுதி கைக்கு அதன் பின்னரே வருகிறது.